ரூபாய் சரிந்தால் திருப்பூருக்கு வேலை பெருகுமா?

ரூபாய் சரியும்போதெல்லாம் ஏற்றுமதியாளர்களுக்கு நல்ல காலம் என்று பேசப்படுகிறது. டாலருக்குக் கூடுதல் ரூபாய், அதனால் கூடுதல் ஆர்டர், அதனால் கூடுதல் வேலை என்பது அந்தக் கணக்கு. பனியன் ஏற்றுமதி நகரான திருப்பூரின் அனுபவம் இதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்கிறது. ரூபாய் ஏறினால் அடி தொழிலாளி மேல் உடனே விழுகிறது. இறங்கினால் ஆதாயம் அவரை எட்டுவதே இல்லை.

2007-இல் டாலர் 44 ரூபாயிலிருந்து 39-க்கு இறங்கியது. பனியன் கம்பெனி ஆர்டரை டாலரில் பேசி முடித்துவிடுகிறது. சரக்கு போய்ப் பணம் வர மாதக்கணக்கில் ஆகும். நூலுக்கும் கூலிக்கும் மின்சாரத்துக்கும் கொடுப்பது ரூபாயில். 100 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 89 வந்தால், மெல்லிய லாபத்தில் ஓடும் தொழில் தாங்காது. அப்படி நெருக்கும்போது முதலில் நிற்பது ஒன்றரை ஷிப்ட். அடுத்து, ஜாப் ஒர்க்கை நம்பியிருக்கும் பவர் டேபிள் தையல் கூடங்கள் ஓய்கின்றன. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு வேலையில்லாத நாளில் கூலியும் இல்லை.

2022-இல் நேர்மாறாக, டாலர் 74-லிருந்து 83-ஐத் தொட்டது. ஆனால் அதே ஆண்டில் ஒரு கண்டி பஞ்சு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளில் சரக்கு தேங்க, ஆர்டர்களும் சுருங்கின. வாங்குபவருக்கும் ரூபாய் நிலவரம் தெரியும். அடுத்த ஆர்டரில் அந்த ஆதாயத்தை விலைக் குறைப்பாகத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொள்வார். சாயமும் இயந்திரமும் இறக்குமதியானால் அவற்றின் விலையும் ஏறும்.

நாணய மதிப்பைத் தாழ்த்தி வைத்துத்தானே சீனா வளர்ந்தது என்று கேட்கலாம். 2005 வரை பல ஆண்டுகள் யுவானை ஏறக்குறைய ஒரே நிலையில் நிறுத்தியிருந்தது உண்மை. ஆனால் அந்த உறுதியோடு துறைமுகமும் துணியும் பெரிய ஆலைகளும் சேர்ந்தே அங்கு வேலை பெருகியது. 2022-இல் ரூபாய் சரியாமல் இருந்திருந்தால் திருப்பூரின் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்பாரும் உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த உதவி எவ்வளவு சிறியது என்பதை 2025 காட்டியது. ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அது அப்போது 20 ஆக இருந்தது. அந்த ஆண்டு முழுவதும் ரூபாய் இழந்த மதிப்பு சுமார் 5 சதவீதம். 30 புள்ளி இடைவெளியை அது எப்படி அடைத்திருக்கும்?

பிரிட்டனுடன் 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தம்போல் புதிய சந்தைகளைத் திறப்பதே உறுதியான வழி. அதற்கு நாளாகும். அதுவரை, நெருக்கடிக் காலத்தில் ஏற்றுமதியாளருக்கு அரசு தரும் வட்டிச் சலுகையும் கடன் உத்தரவாதமும் ஆள்குறைப்பு செய்வதில்லை என்ற நிபந்தனையோடு வரவேண்டும். பீஸ் ரேட் தொழிலாளிக்கு வேலையில்லாத நாள்களுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகையையும் அந்தச் சலுகைகளுக்கான நிதியிலிருந்தே ஒதுக்க வேண்டும்.