கரகோஷமும் மரியாதையும்

விளையாட்டு அரங்கில் ஒருவனுடைய ஸாமர்த்தியத்தைக் கண்டு கரகோஷம் செய்யும் ஜனங்கள், அரங்க வாயிலுக்கு வெளியே அவனை மனிதனாக மதிக்கிறார்களா? ஒரு தேசத்தின் நாகரிகத்தை அளந்தறிவதற்கு இக்கேள்வியைக் காட்டிலும் நல்ல அளவுகோல் வேறில்லை என்பது நமது அபிப்பிராயம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் கூடைப்பந்து வீரராகிய பில் ரஸ்ஸலின் சரித்திரத்தை இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு ஆராய்வோமாக.

ரஸ்ஸல் 1934-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 12-ந் தேதி லூயிஸியானா மாகாணத்தில் மன்றோ என்னும் ஊரிற் பிறந்தார். கறுப்பு இனத்தவர் எங்கும் வெள்ளையருக்குப் பின்னால் நிற்க வேண்டுமென்பது அவ்விடத்து வழக்கம். அவருடைய தகப்பனார் ஒரு தடவை மோட்டாருக்குப் பெட்ரோல் வாங்கப் போனபோது, வந்த வெள்ளையர் எல்லோருக்கும் கொடுத்தான பிறகே அவருக்குக் கிடைக்குமென்று காக்க வைத்தார்கள். சலித்துப் புறப்பட எத்தனித்தவரைக் கடைக்காரன் துப்பாக்கியை நீட்டித் தடுத்தான். இத்தகைய அவமானங்களுக்கு அஞ்சிய குடும்பத்தார் காலிபோர்னியா மாகாணத்து ஓக்லண்ட் நகரத்துக்குக் குடி பெயர்ந்தனர். ரஸ்ஸலுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது தாயார் காலமானார். தகப்பனாரே வளர்த்து ஆளாக்கினார்.

ஸான்பிரான்ஸிஸ்கோ சர்வகலாசாலையில் வாசிக்கையில், 1955, 1956 ஆகிய இரு வருஷங்களிலும் கலாசாலைகளுக்குள் முதன்மைப் பட்டத்தைத் தம் கட்சிக்கு ஈட்டித் தந்தார். 1956-ல் மெல்போர்ன் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். அவ்வருஷக் கடைசியிலே பாஸ்டன் நகரத்து செல்டிக்ஸ் கட்சியிற் சேர்ந்தார். அதுவரை ஒரு முறையேனும் தேசப் பட்டத்தைக் காணாத அக்கட்சி, அவர் ஆடிய 13 வருஷங்களில் 11 தடவை பட்டம் வென்றது. 1959 முதல் 1966 வரை இடைவிடாமல் எட்டு வருஷம் வென்றதும் அக்கணக்கிற் சேர்ந்ததே.

இவ்வெற்றியின் ரகசியம் யாது? பந்தைக் கூடையிற் போடுகிறவனையே ஜனங்கள் கொண்டாடுவது வழக்கம். ரஸ்ஸலோ எதிரி எறியும் பந்தைத் தடுப்பதையே தமது தொழிலாகக் கொண்டார். தடுத்த பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்து ஆரவாரம் தேடாமல், தம் தோழன் கைக்குப் போய்ச் சேருமாறு மெதுவாய்த் தட்டிவிடுவார். 1961-62-ம் வருஷத்து ஆட்டங்களில் வில்ட் சேம்பர்லின் என்னும் மஹாபலசாலி ஆட்டத்துக்குச் சராசரி 50 புள்ளிகளுக்குமேல் குவித்தார். அங்ஙனமிருந்தும், அவ்வருஷத்திய சிறந்த வீரர் யாரென்று ஆட்டக்காரர்களே வாக்களித்தபோது ரஸ்ஸலைத் தெரிந்தெடுத்தார்கள். தம் புகழைக் காட்டிலும் தம் கூட்டத்தின் ஜயத்தைப் பெரிதாக மதிப்பவனே தலைவன் என்பதை, கூடவும் எதிர்த்தும் ஆடியவர்கள் அறிந்திருந்தார்கள். பொதுக்காரியங்களில் ஈடுபட்டிருக்கும் நமது நண்பர்கள் இதைக் கவனிப்பார்களாக.

இனி, அளவுகோலின் மறுபக்கத்தைப் பார்ப்போம். 1961-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் கெண்டக்கி மாகாணத்து லெக்ஸிங்டன் நகருக்கு ஓர் ஆட்டத்துக்காகப் போயிருந்தபோது, தங்கியிருந்த ஹோட்டலின் சிற்றுண்டிசாலையில் கறுப்பு வீரர்களுக்கு உணவு கொடுக்க மறுத்தார்கள். ரஸ்ஸலும் அவருடைய கறுப்புத் தோழர்களும் ஆட மறுத்து உடனே ஊர் திரும்பினர். உண்ண இடமில்லாத ஊரில் வேடிக்கை காட்ட மட்டும் இடமுண்டோ? இக்கேள்வியை அவர்கள் வாயாற் கேளாமல் செய்கையாற் கேட்டார்கள்.

தென்மாகாணங்களே இப்படி, வடக்கே நிலைமை வேறு என்று எண்ணுவோர் ஏமாந்து போவர். பாஸ்டனுக்கு அருகே ரெடிங் என்னும் ஊரில் அவர் குடியிருந்த வீட்டிற் புகுந்து, சுவரில் இழிமொழிகளை எழுதி, வெற்றிச் சின்னங்களை உடைத்து, படுக்கையில் மலத்தை இட்டுச் சென்றார்கள். அந்நகரத்தின் கீர்த்தியை உலகறியச் செய்தவருக்கு அந்நகரத்தார் சிலர் செய்த பிரதியுபகாரம் இது!

1966-ல் அவர் செல்டிக்ஸ் கட்சியின் பயிற்சித் தலைவராக நியமிக்கப்பட்டார். அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தில் அப்பதவியை வகித்த முதற் கறுப்பர் அவரே. தாமும் ஆடிக்கொண்டு, பிறரையும் நடத்திக்கொண்டு, 1968, 1969 ஆகிய இரு வருஷங்களிலும் பட்டம் வென்றார். 1969-ல் லாஸ் ஏஞ்சலிஸ் கட்சியார் தம் ஜயத்தைக் கொண்டாடுவதற்காகக் கூரையில் பலூன்களைக்கூடக் கட்டி வைத்திருந்தனர். கடைசி ஆட்டத்தில் 108-க்கு 106 என்ற கணக்கில் அவர்கள் தோற்றார்கள். அத்துடன் ரஸ்ஸல் ஆட்டத்திலிருந்து விலகினார்.

1972-ல் அவருடைய 6-ம் எண் சட்டையைக் கௌரவிக்க முற்பட்டபோது, ஜனங்களை உள்ளே விடுமுன் தோழர்கள் மட்டும் சூழ அதை நடத்தும்படி செய்தார். 1975-ல் புகழ்மண்டபத்தில் அவரைச் சேர்த்தபோது அந்த வைபவத்துக்கே போகவில்லை. தமக்கு முன்னே வழிதிறந்த கறுப்பு வீரர்கள் வெளியே நிற்கத் தாம் உள்ளே போகலாகாது என்பது அவர் கொள்கை. அவர்களில் ஒருவராகிய சக் கூப்பர் 2019-ல் சேர்க்கப்பட்ட பின்னரே, அம்மண்டபத்தின் மோதிரத்தை ஏற்றுக்கொண்டார். இதை அகங்காரம் என்று கூறுவோர் உண்டு. நாம் அதற்கு இசையோம். கரகோஷத்தைக் கடனாகப் பெற்று மரியாதையை அடகு வைக்க மறுத்த மனிதன் அகங்காரியல்லன்.

2011-ல் ஜனாதிபதி ஒபாமா அவருக்குத் தேசத்தின் உயர்ந்த பதக்கத்தை அணிவித்தார். 2013-ல் பாஸ்டன் நகரமே அவருக்குச் சிலை நாட்டியது. 2022-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி அவர் காலமானபின், சங்கத்தைச் சேர்ந்த கட்சிகளில் இனிப் புதிதாக எவருக்கும் 6-ம் எண்ணை அளிப்பதில்லையென்று தீர்மானித்தனர். வேறெவருக்கும் அச்சங்கம் அதற்குமுன் அத்தகைய கௌரவம் செய்ததில்லை.

சிலை நாட்டுவது நல்ல காரியமே. ஆயினும், கல்லுக்குச் செய்யும் மரியாதை, உயிரோடு பக்கத்து வீட்டிற் குடிவரும் மனிதனுக்குச் செய்யும் மரியாதைக்கு ஈடாகாது. வீரரைப் போற்றும் எந்த நகரமும் இதை மறத்தல் தகாது.