ஜிம்முக்குப் போகாமலே பயில்வான் ஆனேன்! (கிட்டத்தட்ட...)

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. மணி இரண்டு. பாத்ரூமில் 'தொப்' என்று சத்தம். பூனையாக இருக்கும் என்று புரண்டு படுத்தேன். "டேய்..." என்று பூனை கூப்பிட்டது! ஓடினேன்.

ஈரத் தரையில் அப்பா உட்கார்ந்திருந்தார். வயது 71, எடை 62 கிலோ. எழுந்திருக்க முடியவில்லை. கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். 'தூக்கினேன்' என்பது பெருமைக்குச் சொல்வது. அவர் அசையவே இல்லை. என் முதுகில்தான் ஏதோ 'களுக்' என்றது. வயது 34, எடை 74 கிலோ, பி.காம். இத்தனை இருந்தும் பெற்ற அப்பாவைத் தூக்க வக்கில்லை!

"விடுறா... உனக்கு இதெல்லாம் பழக்கமில்லே" என்றார் அப்பா, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. அதுக்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடைசியில் எதிர் பிளாட் வாட்ச்மேன் தாத்தாவைக் கூட்டி வந்தேன். அறுபதைத் தாண்டியவர், ஒல்லிப் பிச்சான். ஒரு காலத்தில் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். "எங்கியாவது வலிக்குதா சார்? காலை மடக்குங்க பாக்கலாம்" என்று விசாரித்து, எலும்பு சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கை வைத்தார். அப்பாவுக்குப் பின்னால் நாற்காலியைப் போடச் சொன்னார். குந்தி உட்கார்ந்து, அப்பாவை மார்போடு அணைத்து, "ம்" என்று எழுந்தார். அப்பா நாற்காலியில்!

"பலம் கையில இல்லே தம்பி. தொடையில இருக்கு" என்று சொல்லிவிட்டு, பீடியைப் பற்ற வைத்தபடி போய்விட்டார்.

எனக்கு அப்புறம் தூக்கம் வரவில்லை.

ஒரு நாள் 500 ரூபாய்!

ஜிம்முக்குப் போகலாமே என்பீர்கள். போயிருக்கிறேன் சார்! அதற்கு இரண்டு வருஷம் முன்னால், வீட்டுப் பக்கத்தில் ஒரு ஜிம்மில் வருஷ சந்தா 6,000 ரூபாய் கட்டினேன். மொத்தம் போனது 12 நாள். அதாவது நாளுக்கு 500 ரூபாய். அந்தக் காசுக்கு தினம் ஒரு பயில்வானை வாடகைக்கு வைத்திருக்கலாம்!

வாட்ச்மேன் தாத்தா எந்த ஜிம்முக்குப் போனார்? அவரை விடுங்கள், காமா பயில்வானை எடுத்துக்கொள்ளுங்கள். 1910-ல் லண்டன் போய், போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவோடு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டிய ஆசாமி. அவருடைய பயிற்சிக்கு அஸ்திவாரமே தண்டாலும் பஸ்கியும்தான். இரண்டுக்கும் கரண்ட் பில் கிடையாது.

முப்பதைத் தாண்டினால், சும்மா உட்கார்ந்திருக்கிற உடம்பில் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் தசை கரையும் என்கிறார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் தேய்மானம். மெஷினுக்குத் தேய்மானம் எழுதத் தெரிந்தவனுக்கு உடம்புக்கு எழுதத் தெரியவில்லையே!

முதலீடு 20 ரூபாய்

அடுத்த திங்கட்கிழமை ஆரம்பித்தேன். வாங்கியது ஒரே ஒரு நோட்டு, 20 ரூபாய். மற்றதெல்லாம் வீட்டிலேயே கிடந்தது. ஆடாத நாற்காலி ஒன்று, ஜிப் போன ஆபீஸ் பை ஒன்று, சமையல் எண்ணெய் வந்த 5 லிட்டர் கேன் ஒன்று. கேனைக் கழுவித் தண்ணீர் ஊற்றினால் 5 கிலோ எடை ரெடி. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. எடை போட எந்தக் கடைக்கும் போக வேண்டாம்!

முதல் ஐட்டம், பஸ்கி. நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். பத்து தடவை, ஒரு நிமிஷம் ஓய்வு, மறுபடி பத்து. இப்படி மூன்று சுற்று. பூ... இதுதானா என்கிறீர்களா? மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தெரியும்! பழகின பிறகு நாற்காலியை எடுத்துவிட்டுச் செய்தேன். அப்புறம் பையில் தண்ணீர் பாட்டில்களைப் போட்டு, மார்போடு கட்டிக்கொண்டு செய்தேன்.

இரண்டாவது, தண்டால். தரையில் எடுக்கும்போது நம் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கை தாங்குகிறது. 74 கிலோ ஆசாமிக்குக் கிட்டத்தட்ட 49 கிலோ. முதல் நாளே முடியுமா? நான் மூக்கால் தரையைத் துடைத்ததுதான் மிச்சம். அதனால் சுவரிலிருந்து ஆரம்பித்தேன். நின்றபடி சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. மூன்று வாரம் கழித்து சமையல் மேடை, அப்புறம் கட்டில் ஓரம், கடைசியில் தரை. உடம்பு எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு பாரம் ஏறும். ஜிம்மில் தட்டு மாற்றுகிற வேலையை இங்கே சாய்மானமே செய்துவிடுகிறது.

மூன்றாவது, இழுப்பு. ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, முதுகை நேராக வைத்துக் குனிந்து, மறு கையால் கேனை விலாப் பக்கம் இழுக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் இறைத்த காலம் போய்விட்டதே, அதுக்கு இது ஈடு. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் கூன் போடுகிறவர்கள் இதை விடவே கூடாது.

நாலாவது, முழங்கைகளையும் கால் விரல்களையும் ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி நேராக 20 விநாடி நிறுத்துவது. 20 விநாடி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்!

திங்கள், புதன், வெள்ளி. தலா 25 நிமிஷம். நடுவில் ஒரு நாள் இடைவெளி அவசியம். தசை வளர்வது ஓய்வில்தான். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னதுகூட, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள் என்றுதான்.

நோட்டுதான் வாத்தியார்

தேதி, என்ன செய்தோம், எத்தனை என்று எழுதி வையுங்கள். பி.காம். படித்ததுக்கு இதுதான் உருப்படியான பலன்! மூன்று சுற்றும் 12 வந்துவிட்டால், அடுத்த வாரம் கொஞ்சம் கஷ்டப்படுத்த வேண்டும். ஒரு பாட்டில் கூடுதல், இல்லாவிட்டால் ஒரு படி கீழே. அதே பத்தையே வருஷம் பூரா செய்தால், உடம்பு 'இது நமக்குத் தெரிஞ்சதுதானே' என்று அப்படியே நின்றுவிடும். முதல் சில வாரம் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. ஆனால் எண்ணிக்கை ஏறும். முதலில் நரம்புதான் பாடம் கற்கிறது, சதை அப்புறம்தான் வரும்.

ஜாக்கிரதை இரண்டு. மூச்சை அடக்காதீர்கள், எழும்போது வெளியே விடுங்கள். சதை வலித்தால் பரவாயில்லை, மூட்டு குத்தினால் நிறுத்துங்கள். பி.பி., இதயக் கோளாறு இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

சாப்பாடு? பவுடர் டப்பா வேண்டாம். ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். எனக்குச் சுமார் 61 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம். கொண்டைக்கடலைச் சுண்டல், பருப்பு, தயிர் எல்லாம் சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். சாயங்காலம் பஜ்ஜி சாப்பிட்ட காசு சுண்டலுக்குப் போகிறது.

ஆறு மாதம் கழிந்தது. சிக்ஸ் பேக்கா? ஒரு பேக்கும் இல்லை! சட்டை சைஸ் அதேதான். ஆனால் தரையில் 15 தண்டால் வருகிறது. நிறை சிலிண்டர், கிட்டத்தட்ட 30 கிலோ, குந்தி எழுந்து நானே தூக்குகிறேன். முதுகு 'களுக்' என்பதில்லை.

அப்பாவைத் தூக்கும் சந்தர்ப்பம் மறுபடி வரவில்லை. வரவும் வேண்டாம். பாத்ரூமில் கைப்பிடி மாட்டியாச்சு. கால் பலமும் நிதானமும் கூடினால் வயதானவர்கள் விழுவது குறையும் என்று டாக்டர் சொல்ல, அப்பாவையும் நாற்காலியில் உட்காரவைத்து எழுப்பினேன். முதல் நாள் இரண்டுக்கே முறைத்தார்.

போன வாரம் நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, ரிடையர்டு கிளார்க் கையெழுத்தில், நாற்காலி 8, நாற்காலி 8, நாற்காலி 10 என்று வரிசையாக எழுதியிருந்தது. என் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு:

'புதன்கிழமை என்ட்ரி காணோம். விளக்கம் தேவை.'