அதிரசப் பதமும் பல் சீரமைப்புப் படிப்பும்: எப்படி இயங்குகிறது?

பல் மருத்துவப் பட்டமான பி.டி.எஸ். நான்கு ஆண்டு, பயிற்சி மருத்துவராக ஓராண்டு. அதன்பின் மேற்படிப்புக்கான நீட் எம்.டி.எஸ். நுழைவுத் தேர்வு எழுதி இடம் கிடைத்தால், பல் சீரமைப்புத் துறையில் இன்னும் 3 ஆண்டு. கோணல் பல்லுக்குக் கிளிப் போட இத்தனை படிப்பா? அதிரசம் சுட்டுப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதன் செய்முறை ஒரு தாளில் அடங்கிவிடும். பதம் கைக்கு வரத்தான் நாளாகும்.

பாகு பார்த்தல்

வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்காமல் யாரும் மாவைக் கொட்டமாட்டார்கள். இங்கே அந்தச் சொட்டு, பக்கவாட்டில் எடுத்த தலை எக்ஸ்ரே. 1931-ல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹாஃப்ராத்தும் இதை முறைப்படுத்தினார்கள். மாணவர் அதன்மேல் மெல்லிய தாளை விரித்து, மண்டையோட்டின் அடியில், மூக்கின் வேரில், இரு தாடைகளில் புள்ளி வைத்துக் கோணம் அளப்பார். மேல்தாடைக்குச் சராசரி 82 பாகை, கீழ்த்தாடைக்கு 80. இடைவெளி 2 பாகைக்குப் பதில் 6 என்று வந்தால், கோளாறு பல்லோடு நிற்கவில்லை, தாடையிலும் இருக்கக்கூடும். சிகிச்சைத் திட்டமே மாறிவிடும்.

முதல் அதிரசம்

எண்ணெயில் ஒன்றை மட்டும் போட்டு, பிரிகிறதா என்று பார்ப்போம். அதற்கு இங்கே டைபோடான்ட். மெழுகில் செயற்கைப் பற்களைக் கோணலாகப் பதித்து, கம்பியைத் தாங்கும் பிராக்கெட் ஒட்டி, கம்பி மாட்டி, வெந்நீரில் இறக்குவார்கள். மெழுகு இளகும், கம்பி இழுக்கும் திசையில் பல் நகரும். கம்பியில் போட்ட வளைவு சிறிது பிசகினாலும் பல் திரும்பிக்கொள்ளும், அல்லது சாய்ந்துவிடும். நேரான எஃகுக் கம்பியைப் பிளையரால் மடக்கி மடக்கி விரல் காய்த்த பிறகுதான் நோயாளியின் வாய்க்குள் கம்பி போகும்.

சிறுதீ

படிப்பின் உயிர்நாடி இங்கேதான். தீயைக் கூட்டினால் அதிரசம் மேலே கருகும், உள்ளே மாவாகவே கிடக்கும். பல்லும் அப்படித்தான். வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவில் ஒரு நார்ப்படலம் உண்டு. மெல்ல அழுத்தினால், அழுத்தம் படும் பக்கத்தில் எலும்பு கரையும், இழுபடும் பக்கத்தில் புது எலும்பு வளரும். பல் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நகரும். ஓங்கி அழுத்தினால் படலத்தின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் நசுங்கி, செல்கள் மடியும். பல் வாரக்கணக்கில் அசையாது. வலி கூடும், வேரே கரையலாம். சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் அழுத்தம் போதும் என்று 1932-ல் பல் சீரமைப்பு மருத்துவர் ஷ்வார்ஸ் கணித்தார். முதலாண்டு முடிவில் உடற்கூறும் உடலியங்கியலும் மறுபடி தேர்வுக்கு வருவது இதனால்தான். உள்ளே நடப்பது தெரியாதவர் தீயின் அளவை அறியமாட்டார்.

ஆறவிடுதல்

சுட்டதும் எடுத்து அழுத்தி, எண்ணெய் வடியவைத்து ஆறவிட்டால்தான் அதிரசம் நிற்கும். கம்பியைக் கழற்றிய பல்லும் பழைய இடம் தேடி ஓடும்; ஈறின் நார்கள் புது இடத்துக்குப் பழகப் பல மாதம் ஆகும். அதுவரை பல்லைப் பிடித்து நிறுத்த ரிட்டெய்னர் வேண்டும். ஒரு சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு ஆண்டு போகும். தான் திட்டமிட்ட பல் எங்கே போய் நின்றது, அங்கேயே நிலைத்ததா என்று மாணவர் தன் கண்ணால் பார்க்க 3 ஆண்டு வேண்டியிருக்கிறது. ஆய்வேடு எழுதுவதும் இதற்கிடையில்தான்.

“இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுங்க டாக்டர், சீக்கிரம் முடியட்டும்” என்று கேட்பவர்கள் நிறைய. அதற்கு மறுப்புச் சொல்லத் தெரிந்தவரே இந்தப் படிப்பை முழுதாகப் படித்தவர். அவர் சொல்லும் தேதிக்குத் தவறாமல் போங்கள். ரிட்டெய்னரைக் கழற்றி வைத்துவிடாதீர்கள்.