சக்கரம் நின்ற இரவுகள்

பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் திண்ணைச் சுவரில், மரப்பலகையில் பதித்த கறுப்பு மீட்டர் ஒன்று இருந்தது. அதன் கண்ணாடிக்குள் ஓர் அலுமினியச் சக்கரம் படுக்கைவாட்டில் சுழலும். விளிம்பில் ஒரு சிறு கறுப்புக் கோடு. இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்துமுன் அப்பா டார்ச் அடித்து அந்தக் கோட்டைப் பார்ப்பார். மார்கழிக் குளிரில் மின்விசிறியும் ஓடாது. ஆகவே சக்கரம் நின்றிருக்க வேண்டும். நகர்ந்தால், “ஏல, சக்கரம் ஓடுது. எந்த ரூம்ல லைட் எரியுதுன்னு பாரு” என்பார். நான் ஓடிப்போய் அடுக்களை விளக்கை அணைத்துவிட்டு வருவதற்குள் கோடு அசையாமல் நின்றிருக்கும். 1980-களில் எங்கள் வீட்டு மின்சிக்கனம் அவ்வளவுதான்: கண்ணால் பார்ப்பது, கையால் அணைப்பது.

இன்று நான் இருக்கும் அடுக்ககத்தில் மீட்டர்கள் எல்லாம் கீழ்த்தளத்தில், கார் நிறுத்துமிடத்தின் பின்சுவரில் வரிசையாக இருக்கின்றன. சக்கரத்துக்குப் பதில் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்குகிறது. இத்தகைய மீட்டர்கள் பலவற்றில் 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். கணக்கு முன்னைவிடத் துல்லியம். ஆனால் அதைப் பார்க்க யாரும் மூன்று மாடி இறங்குவதில்லை.

அன்று விளக்குகள் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் பெருந்தீனிக்காரன். 60 வாட் குண்டு பல்பு தான் வாங்கிய மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே கொட்டியது. ஆயிரம் மணி நேரம் எரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. இன்று அதே வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது, இருபதாயிரம் மணி நேரம் தாண்டியும் உழைக்கிறது. ‘சைபர் வாட்’ என்று சொல்லி வாங்கிய இரவு விளக்கு உண்மையில் 12 முதல் 15 வாட் வரை எடுத்தது. அந்நாள் மீட்டர் அதைச் சரியாகக் கண்டுகொள்ளாததால் வந்த பெயர் அது. இன்றைய இரவு விளக்குக்கு அரை வாட் போதும். மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கி, 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகளை வீடுகளில் சேர்த்தது. 2014-இல் 310 ரூபாயாக இருந்த ஒரு பல்பின் மொத்தக் கொள்முதல் விலை, 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. ஏழை வீட்டுக்கும் நல்ல வெளிச்சம் வந்தது. இது பெரிய பேறு.

அப்படியானால் பண்டிகைக் காலத்தில் நாம் எவ்வளவு மிச்சப்படுத்தினோம்? பாளையங்கோட்டையில் எங்கள் எதிர்வீட்டுக் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன்.

எதிர்வீட்டு டீச்சரம்மா டிசம்பர் முதல் தேதி மூங்கில் சிம்பும் வண்ணக் காகிதமும் கொண்டு நட்சத்திரம் கட்டுவார். உள்ளே 40 வாட் பல்பு. காகிதம் கருகிவிடக் கூடாது என்பதால் ஏழு மணிக்குப் போட்டு, பத்து மணிக்குத் தானே வந்து அணைப்பார். கிறிஸ்துமஸ் இரவு மட்டும் அது நெடுநேரம் எரியும். மூன்று மணி நேரத்துக்கு 120 வாட் மணி. இப்போது அதே வாசலில் பிளாஸ்டிக் நட்சத்திரம். உள்ளே 9 வாட் எல்.இ.டி. கருகும் பயமில்லை, ஆகவே மாலை ஆறு முதல் காலை ஆறு வரை எரிகிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 108 வாட் மணி. நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தின்னும் பல்பு வந்தும், ஓர் இரவின் மிச்சம் வெறும் 12 வாட் மணிதான். அதையும் மாடிக் கைப்பிடி முழுக்கச் சுற்றிய சீரியல் விளக்கு விழுங்கிவிடுகிறது.

கார்த்திகையும் அப்படித்தான். அகலில் அம்மா ஊற்றும் எண்ணெய்க்கு ஓர் அளவு உண்டு. எண்ணெய் தீர்ந்தால் விளக்கு தானே அமர்ந்துவிடும். அதற்கு முன் நிறுத்த வேண்டுமானால், ‘அணை’ என்று சொல்லமாட்டார், ‘குளிர வை’ என்பார். ஒளியை முடித்து வைப்பதும் வழிபாட்டில் சேர்ந்ததாக இருந்தது. இன்று மாடத்தில் இருக்கும் பேட்டரி அகலையும் கைப்பிடிச் சுவர் விளக்கையும் முடித்து வைக்க ஒருவர் நினைவு வைத்திருக்க வேண்டும்.

இடையில் 2012 வந்தது. காற்றாலைப் பருவம் ஓய்ந்த ஐப்பசி, கார்த்திகையில், சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. அப்போது ஒவ்வொரு யூனிட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. பின்னர் மின்சாரம் சீரானது. 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் ஆனது. எத்தனையோ குடும்பங்களின் பாரம் குறைந்தது. கூடவே அந்தக் கவனமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

அலுவலகத்திலும் இதே கதை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் ஆயுத பூஜைக்குத் தட்டச்சுப்பொறிக்கும் பேரேட்டுக்கும் சந்தனம், குங்குமம் வைப்போம். பூஜை முடிந்து பொரி வாங்கிக்கொண்டு எல்லாரும் கிளம்பியதும், உதவியாளர் அண்ணன் மெயின் சுவிட்சின் இரும்புப் பிடியைக் கீழே இழுப்பார். ‘டக்’கென்று ஒரு சத்தம்; கட்டடமே ஓய்வுக்குப் போய்விடும். கருவிகளுக்கு விடுமுறை என்றால் உண்மையிலேயே விடுமுறை.

சில ஆண்டுகளுக்கு முன், பொங்கலுக்கு ஐந்து நாள் பூட்டிக் கிடந்த அலுவலகத்தை நான்தான் முதலில் திறந்தேன். உறங்கும் கணினிகளில் ஆரஞ்சு விளக்குகள். யு.பி.எஸ்.ஸின் மெல்லிய ரீங்காரம். மூலையில் இருந்த குடிநீர் இயந்திரத்தின் வெந்நீர்க் குழாயைத் திறந்தேன், ஆவி பறந்தது. ஐந்து நாளும், குடிக்க ஓர் ஆள் இல்லாமல், அது நீரைச் சுடவைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அங்கே தவறு செய்தவர் என்று யாரையும் சொல்ல முடியாது. கடைசியாகப் பிடியை இழுப்பது இன்னார் வேலை என்று அன்று இருந்தது; இன்று இல்லை. அவ்வளவே.

கருவிகள் சிக்கனம் கற்றுக்கொண்டன. நம் கைகள் அதை மறந்தன. இரண்டும் சேர்ந்திருந்தால் மிச்சம் எவ்வளவோ இருந்திருக்கும். குண்டு பல்பை யாரும் திரும்பக் கேட்கவில்லை. அப்பாவின் டார்ச் வெளிச்சம் மட்டும் திரும்பி வந்தால் போதும்.

அடுத்த முறை ஊருக்குக் கிளம்புமுன், பெட்டியைக் கீழே இறக்கியதும் உங்கள் மீட்டர் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டதாக நினைத்த பிறகும் சிவப்புப் புள்ளி மினுக்கினால், ஒருமுறை மேலே ஏறிப் பாருங்கள். டி.வி.யின் செட்டாப் பாக்ஸோ, கீசரோ, பால்கனியின் சீரியல் விளக்கோ உங்களுக்காகக் காத்திருக்கும். அணைத்துவிட்டு வாருங்கள்.