செம்பு சொல்லும் விடை

செப்புப் பாத்திரம் அடிக்கும் பட்டறையில் சிறிது நேரம் நின்று பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். தட்டத் தட்டத் தகடு கெட்டிப்படுகிறது. மேலும் தட்டினால் ஓரத்தில் வெடித்துவிடும். ஆகவே அதை நெருப்பில் காய்ச்சி இளக்குகிறார்கள். அப்போது முன்பு பெற்ற உறுதி போய்விடுகிறது. உறுதி கூடினால் நீளும் தன்மை குறையும். நீளும் தன்மை கூடினால் உறுதி குறையும். உலோகவியலின் பழைய சிக்கல் இது. இரண்டையும் ஒருங்கே பெற இயலாதா?

உலோகம் வளைவது எப்படி?

உலோகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. ஓர் அடுக்கு முழுவதையும் ஒரேயடியாக நகர்த்தப் பெரும் விசை வேண்டும். கூடத்தில் விரித்த பெரிய ஜமுக்காளத்தை இழுப்பது கடினம். ஆனால் ஓரத்தில் ஒரு மடிப்பை உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போனால் எளிதில் நகரும். அணு அடுக்குகளிலும் அத்தகைய பிறழ்ச்சிகள் உண்டென்பதை 1934-இல் டெய்லர், ஒரோவான், போலன்யி ஆகியோர் தனித்தனியே விளக்கினர். பிறழ்ச்சி நகர்ந்தால் உலோகம் வளையும், தடைப்பட்டால் வலுப்பெறும்.

உலோகம் எண்ணற்ற படிகமணிகளின் தொகுப்பு. மணிக்கு மணி அடுக்குகளின் திசை மாறுவதால், மணிகளின் எல்லையில் பிறழ்ச்சிகள் தடைப்படுகின்றன. மணிகள் சிறுத்தால் எல்லைகள் பெருகி வலிமை கூடும். இது ஹால் (1951), பெட்ச் (1953) ஆகியோர் கண்ட விதி. ஆனால் மணிகள் சில நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்தால், பிறழ்ச்சிகள் சேர்ந்து தங்க இடமின்றி உலோகம் சிறிதே நீண்டு அறுந்துவிடுகிறது. (நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) ஒழுங்கற்ற எல்லைகள் எலெக்ட்ரான்களைச் சிதறடிப்பதால் மின்கடத்துதிறனும் குறைகிறது.

இரட்டை எல்லை

செம்பின் அணு அடுக்குகள் அ, ஆ, இ, அ, ஆ, இ என்னும் வரிசையில் அமைபவை. சில இடங்களில் இது அ, ஆ, இ, அ, இ, ஆ, அ எனத் திரும்பிவிடுகிறது. நடுவிலுள்ள அடுக்கு கண்ணாடிபோல் நிற்க, இருபுறமும் ஒன்றுக்கொன்று பிம்பமாகின்றன. இதுவே இரட்டை எல்லை. இதுவும் ஓர் எல்லைதான். ஆனால் ஒழுங்கு குலையாத எல்லை.

சீனாவின் ஷென்யாங் நகரில் உள்ள உலோக ஆய்வு நிலையத்தில் லெய் லூ, கே லூ குழுவினர், மின்னோட்டத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சி மின்முலாம் முறையில் செம்பைப் படியவைத்தனர். மணிகளுக்குள்ளே இரட்டை எல்லைகள் நெருக்கமாக அடுக்கி நின்றன. 2004-இல் வெளியான முடிவின்படி அச்செம்பின் இழுவலிமை 1068 மெகாபாஸ்கல். சாதாரணச் செம்பைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு. அது 13 சதவீதத்துக்கும் மேல் நீண்டது. மின்கடத்துதிறனோ தூய செம்பை ஒத்திருந்தது!

காரணம் என்ன? இரட்டை எல்லையும் பிறழ்ச்சியைத் தடுக்கிறது, ஆகவே வலிமை. ஆனால் ஒரேயடியாக அடைத்துவிடுவதில்லை. விசை மிகும்போது பிறழ்ச்சி அதனூடே கடக்கலாம், எல்லையிலேயே தங்கலாம், அதன் வழியே நழுவலாம். இவ்வாறு நெருக்கடி ஓரிடத்தில் குவியாமல் பரவுவதால் உலோகம் அறுபடாமல் நீள்கிறது. ஒழுங்கு குலையாததால் எலெக்ட்ரான்களும் அதிகம் சிதறுவதில்லை.

நெருக்கத்திற்கும் அளவுண்டு

எல்லைகளை நெருக்கிக்கொண்டே போனால் வலிமை ஏறிக்கொண்டே போகுமா? 2009-இல் அதே குழுவினர் இதையும் சோதித்தனர். இடைவெளி 15 நானோமீட்டராக, அதாவது ஏறத்தாழ 70 அணு அடுக்குகளாக, இருக்கும்போது வலிமை உச்சத்தை எட்டியது. அதற்கும் கீழே வலிமை குறைந்தது. நீளும் தன்மையோ கூடியது. இரட்டை எல்லை மணியின் எல்லையைத் தொடும் மூலைகளில் புதிய பிறழ்ச்சிகள் தோன்றி, இரட்டை எல்லைக்கு இணையாகத் தடையின்றி ஓடுவதே காரணம் என 2010-இல் வெளியான கணிப்பொறி ஆய்வு காட்டியது. குறுக்கே சென்றால் தடுக்கும் சுவர், கூடவே சென்றால் பாதையாகிவிடுகிறது.

தடைகள் எத்தனை என்பதோடு அவை எத்தகையவை என்பதும் முக்கியம். பட்டறைக்காரர் நெருப்பை நாடித் தீர்த்துக்கொண்ட சிக்கலுக்கு, அணுக்களின் ஒழுங்கிலேயே ஒரு விடை மறைந்திருந்தது.