பாடும் படிப்பும்

ஏரியும் கரையும் – 9

அரசியல் என்னும் சொல்லைக் கல்லூரி மாணவரோடு சேர்த்துச் சொல்லும்போது கட்சிக் கொடியும் வகுப்புப் புறக்கணிப்பும் தேர்தல் மேடையுமே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து பொன்னேரிக்குப் படிக்க வரும் மாணவரின் அரசியலுக்கு இவற்றையெல்லாம் விட முந்திய தோற்றுவாய் ஒன்று உண்டு. அது 'பாடு' என்னும் சொல்லில் அடங்கியிருக்கிறது. பொதுத்தமிழில் பாடு என்பது உழைப்பையும் துன்பத்தையும் குறிக்க, ஏரிக்கரையில் அதே சொல் வலை கட்டும் இடத்தையும், அந்த இடத்தில் வலை கட்ட ஒருவருக்குக் கிடைக்கும் முறையையும் குறிக்கிறது. இவ்விரு பொருள்களுக்கும் நடுவில் அந்த மாணவரின் அன்றாடமும் கருத்தும் எவ்வாறு உருவாகின்றன என்பதை இவ்வாரப் பகுதி ஆராய்கிறது.

நான்கு பக்கமும் அரசு

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஆகும்; உவர்நீர் என்பது ஆற்று நீரும் கடல்நீரும் கலந்து, மழைக்காலத்தில் உப்பு குறைந்தும் கோடையில் கூடியும் இருக்கும் நீராகும். ஏரியின் பெரும்பரப்பு ஆந்திரத்தில் கிடக்க, தென்பகுதி மட்டுமே தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் சேர்கிறது. பொன்னேரியை ஒட்டி ஓடிவரும் ஆரணியாறு இந்தத் தென்பகுதியில்தான் ஏரியோடு கலக்கிறது.

ஏரியில் படகின் மீது நின்று பார்க்கும் ஒருவருக்கு, எந்தத் திசையில் திரும்பினாலும் எங்கோ எடுக்கப்பட்ட ஓர் அரசு முடிவு கண்ணுக்குத் தெரியும். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் விண்வெளி நிலையம் இருக்கிறது. ஏவுகலன் புறப்படும் நாள்களில் சுற்றுவட்டாரக் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வருவது மீனவர்களுக்குப் பழகிய செய்தி. தெற்கே அனல்மின் நிலையங்களும் எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களும் நிற்கின்றன. மேற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை இருக்கிறது. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதியோ 1980 முதல் பறவைகள் சரணாலயமாக, வனத்துறையின் விதிகளுக்கு உட்பட்டிருக்கிறது. பொன்னேரியின் பெயரே 2014ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில், சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத்தில் அமையவிருக்கும் திறன்மிகு நகரங்களுள் ஒன்றாக இடம்பெற்றது. இத்தனை முடிவுகளுக்கு நடுவே வளரும் பிள்ளைக்கு, அரசியலில் ஆர்வம் கொள்வதா வேண்டாமா என்பது விருப்பத்தைப் பொறுத்த விஷயமாக இருக்க வழியில்லை.

ஒரு நாளின் அமைப்பு

இந்த மாணவரின் நாள் பெரும்பாலும் வலையில் தொடங்குகிறது. விடியற்காலையில் படகு கரை சேர்ந்ததும் வலையில் சிக்கிய நண்டுகளைப் பிரித்தெடுக்கும் வேலையில் வீட்டிலுள்ள அனைவரும் உட்காருவர். கொடுக்கு ஒடிந்த நண்டுக்கு ஏலத்தில் விலை குறையும் என்பதால், கொடுக்கில் சுற்றிய நூலை ஒவ்வொரு கண்ணியாக விலக்கி, ஓட்டுக்கும் வலைக்கும் சேதமில்லாமல் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் நண்டும் கெடும், வலையும் கிழியும், விரலும் கடிபடும். அந்த வேலை முடிந்த பிறகே குளித்து, கட்டணமில்லாப் பயண அட்டையோடு பொன்னேரிப் பேருந்தைப் பிடிக்க முடியும்.

பொன்னேரியில் உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி இருக்கிறது. அதே ஊரில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியும் இருக்கிறது. சென்னைக் கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்கள் கும்மிடிப்பூண்டி–சென்னை மின்சார ரயிலில் நாள்தோறும் சென்று திரும்புகின்றனர். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. ஏரிக்கரைக் குடும்பத்தில் இந்தத் தொகைக்குத் தனிமதிப்பு உண்டு. ஏனெனில் அங்கே வருமானம் மாதத்தைப் பார்த்து வருவதில்லை, நீரைப் பார்த்து வருகிறது. முகத்துவாரம், அதாவது ஏரி கடலோடு சேரும் வாய், மணல் தூர்ந்து அடைபட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வருவது நின்றுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கடலில் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. கல்லூரிக் கட்டணத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் உரிய தேதிகள் இவற்றுள் எதையும் கணக்கில் கொள்வதில்லை என்பதை இந்த மாணவர் முதல் பருவத்திலேயே அறிந்துகொள்கிறார். அரசின் நாள்காட்டியும் ஏரியின் நாள்காட்டியும் ஒன்றையொன்று அறியாமல் நடக்கின்றன என்னும் இந்த அறிவே அவருடைய முதல் அரசியல் பாடம்.

பாடு என்னும் நீதி

இரண்டாவது பாடம் ஊரிலேயே இருக்கிறது. ஏரியில் இறால் மிகுதியாகப் படும் இடங்கள் சிலவே. அவை முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில் அமைந்துள்ளன. அந்த இடங்களை வலிமை மிக்கவர் பிடித்துக்கொள்ளாதபடி, எந்த ஊர், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பங்கிடும் மரபே பாடு ஆகும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகத்தார் இதைப் பல தலைமுறைகளாகப் பேணி வந்துள்ளனர். ஊர்ப் பஞ்சாயத்தில் 'தலைக்கட்டு' என்று எண்ணப்படும் குடும்பத் தலைவருக்கே இந்த உரிமை உண்டு. தலைக்கட்டு என்பது ஊர் வரி கட்டி, ஊர்க் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட குடும்ப அலகு. இன்று நல்ல இடம் கிடைத்தவர் மறுமுறை குறைந்த இடத்துக்குப் போவார் என்பதும், ஒருவர் முறையில் இன்னொருவர் வலை கட்டினால் ஊர் கூடித் தண்டம் விதிக்கும் என்பதும் இதன் அடிப்படை. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இறாலுக்குக் கட்டு வலை போடும் இடங்களைச் சீட்டுப் போட்டுப் பகிரும் வழக்கம் இருப்பதால், பொதுநீரை முறை வைத்துப் பங்கிடும் அறிவு இந்தக் கடற்பகுதி மக்களுக்குப் பொதுவானது என்று கொள்ளலாம்.

வகுப்பறையில் சமத்துவம், பொதுவளம், பிரதிநிதித்துவம் என்னும் சொற்களைக் கேட்கும்போது, இந்த மாணவர் அவற்றைத் தம் ஊர்ப் பழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஓர் ஏரியில் சில குப்பங்கள் எழுத்துச் சட்டம் இல்லாமலே முறை வைத்துப் பங்கிட முடியுமானால், கரையையும் ஆற்றையும் கடலையும் பங்கிடும் அரசு ஏன் அவ்வாறு முறை பார்ப்பதில்லை என்ற கேள்வி அங்கிருந்தே பிறக்கிறது.

அறிக்கையைப் படித்துச் சொல்பவர்

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தின்போதுதான். 330 ஏக்கரில் உள்ள துறைமுகத்தைக் கடலைத் தூர்த்துப் பெறும் நிலத்தையும் சேர்த்து 6,111 ஏக்கராக விரிக்கவும், ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி டன்னாக இருந்த சரக்குத் திறனை 32 கோடி டன்னாக உயர்த்தவும் அத்திட்டம் முன்மொழியப்பட்டது. இதற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22 அன்றும், பின்னர் 2023 செப்டம்பர் 5 அன்றும் அறிவிக்கப்பட்டு, மீனவர்களின் கடும் எதிர்ப்புக்கிடையே இருமுறையும் ஒத்திவைக்கப்பட்டது. கருத்துக்கேட்பு என்பது, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் சார்பிலான அதிகாரி முன்னிலையில், திட்டத்தால் பாதிக்கப்படுவோர் பேசுவதைப் பதிவுசெய்யும் கூட்டமாகும்.

முழு அறிக்கை ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்களில் இருக்க, தமிழில் சுருக்கம் மட்டுமே கிடைக்கும் நிலையில், அதைப் படித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு கல்லூரிக்குப் போகும் பிள்ளைமீது இயல்பாகவே விழுகிறது. மொழி எவ்வளவு பெரிய தடை என்பதற்கு, 2020ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை அரசமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட நேர்ந்ததே சான்று. ஊர்ப் பெரியவருக்குக் கடல் நீரோட்டம் கரையை எப்படி அரிக்கும் என்பது தெரியும். அறிக்கையில் அது எந்தப் பக்கத்தில், எந்தப் பெயரில் மறைந்திருக்கிறது என்பது தெரியாது. மாணவருக்கு ஆங்கிலச் சொல் தெரியும். அந்தச் சொல் சுட்டும் நீரின் போக்கைப் பெரியவரிடம்தான் கேட்டறிய வேண்டும். இருவரும் ஒரு வரைபடத்தை விரித்துவைத்து உட்காரும்போது இரண்டு அறிவுகள் ஒன்றுசேர்கின்றன. 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை, மீனவ ஊர்களையும் அவர்களுடைய பொது இடங்களையும், மீன் காயவைக்கும் தளம் போன்றவற்றையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. குறிக்கப்படாத இடம் சட்டத்தின் கண்ணுக்கு வெற்றிடமாகவே தோன்றும் என்பதால், படகு ஏற்றிவைக்கும் மணல்திட்டும் வலை பிரித்து உலர்த்தும் திடலும் வரைபடத்தில் இருக்கின்றனவா என்று ஊர் ஊராகச் சரிபார்ப்பது, எந்த முழக்கத்துக்கும் குறையாத அரசியல் வேலையாகும். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதுவதும் அவ்வகையதே.

இந்த மாணவர் தொழில் வளர்ச்சிக்குப் பகைவர் என்று கருதுவது தவறாகும். அவருடன் படித்தவர்களில் பலர் தொழிற்பேட்டைகளில் ஒப்பந்த வேலைக்குப் போகின்றனர். அந்த மாதச் சம்பளம் பல வீடுகளின் அடுப்பை எரியவைக்கிறது. அதேவேளையில், துறைமுகத்துக்காக இடம்பெயர்ந்த காட்டுப்பள்ளிக் குப்பத்தார் நிரந்தர வேலை கேட்டுப் போராட நேர்ந்ததும் அவர் அறிந்த வரலாறே. ஏரி தலைமுறை தலைமுறையாகச் சோறு போடும். ஒப்பந்தமோ முடியும் தேதி குறிக்கப்பட்டே வருகிறது. ஆகவே வேலை வருமா என்று கேட்பதோடு நிற்காமல், எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டுக்கு, எதை இழந்து என்று கேட்பது நியாயமான கணக்கு.

முன்னோடிகள்

மாணவர்கள் இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்கள் கல்லூரி மாணவர்கள். இரண்டே ஆண்டுகளில் நிகழ்ந்த ஆட்சி மாற்றத்துக்கு அது முக்கியக் காரணமாயிற்று. ஏரிக்கரைக்கு இன்னும் நெருக்கமான முன்னுதாரணம் சிலிகாவில் இருக்கிறது: 1990களின் தொடக்கத்தில் அங்கே பெருநிறுவன இறால் பண்ணைத் திட்டத்துக்கு எதிராக மீனவர்கள் எழுந்தபோது, புவனேசுவரத்தின் உத்கல் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று அவர்களோடு நின்றனர், அத்திட்டம் கைவிடப்பட்டது.

அதே காலத்தில் தமிழ்நாட்டுக் கரையிலும் இறால் பண்ணைகள் பெருகி, நிலமும் குடிநீரும் உப்பேறின. அவற்றை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர் காந்தியரான எஸ். ஜெகந்நாதன். அவர் 1930களின் தொடக்கத்தில் காந்தியின் அழைப்பை ஏற்றுக் கல்லூரிப் படிப்பை விட்டு வந்தவர். தம் துணைவியார் கிருஷ்ணம்மாளோடு சேர்ந்து நிலமற்றோருக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர். 1996 டிசம்பர் 11 அன்று அவ்வழக்கில் வந்த தீர்ப்பு, சிலிகா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் அமைக்கக் கூடாது என்று தடுத்தது. படிப்பை விட்டுவந்த ஒரு மாணவரின் பிடிவாதம் அறுபது ஆண்டுகளுக்குப் பின் இந்த ஏரிக்கு அரணாக நின்றது. இன்றைய மாணவர் படிப்பை விட வேண்டியதில்லை. அந்தத் தீர்ப்பைத் தேடிப் படித்து ஊருக்குச் சொன்னாலே பெரும்பணி.

பாட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

ஊரின் நீதியைப் போற்றும் மாணவர், அந்த நீதி யாரை விட்டுவிட்டது என்றும் கேட்டாக வேண்டும். பாட்டுரிமை குறிப்பிட்ட ஊர்களின் ஒரு சமூகத்துக்கு உரியது; ஏரியை நம்பி வாழும் ஒடுக்கப்பட்ட சமூகத்தாருக்கும் இருளர்களுக்கும் அதில் இடமில்லை. இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பனையோலைப் பறிக்குள் போடும் இருளர் பெண்ணுக்கு வலையும் இல்லை, முறையும் இல்லை. ஏரி கெட்டால் முதலில் பட்டினி கிடப்பவரும் அவரே. மீனை ஏலத்திலிருந்து சந்தைக்குக் கொண்டுசேர்க்கும் பெண்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்தில் பேசும் இடமும் இல்லை. ஊராட்சித் தேர்தலில் பெண்களுக்குப் பாதி இடங்களைச் சட்டம் ஒதுக்கியிருக்க, மரபுவழி ஊர்ப் பஞ்சாயத்து ஆண்களின் அவையாகவே தொடர்கிறது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறும் மகளுக்கு இந்த முரண்பாடு எந்தப் பாடநூலையும் விட நெருக்கமானது.

கல்லூரிக்குள்ளும் குறை உண்டு. 18 வயதில் வாக்குரிமை 1989இலேயே வந்துவிட்டது. மாணவர் பேரவைத் தேர்தலை முறைப்படுத்தும் லிங்டோ குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது. அதன்பின்னும் தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் அத்தகைய தேர்தலே நடைபெறுவதில்லை. சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கத் தகுதியானவர் தம் கல்லூரியின் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க முடியாத நிலையில், பேசவும் கேட்கவும் உடன்படவும் மறுக்கவும் அவர் பயிலக்கூடிய இடமாகக் கிராம சபையே எஞ்சுகிறது. ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் உறுப்பினராக உள்ள இந்த அவை, ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும் என்பது தமிழ்நாட்டின் நடைமுறை.

அங்கே பேசப்பட்டவை தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்ட பிறகே கையொப்பமிட வேண்டும் என்று வலியுறுத்தவும், எழுதியதை உரக்கப் படித்துக் காட்டவும் படித்த பிள்ளையால் முடியும். நண்டின் கொடுக்கை ஒடிக்காமல் நூலைப் பிரிக்கத் தெரிந்த கைக்கு, அதிகார மொழியில் சிக்கிய ஊரின் உரிமையைப் பொறுமையாகப் பிரித்தெடுப்பதும் கைவரும். முகத்துவாரத்தைத் தூர் வார வேண்டும் என்னும் வரியோடு, கையால் இறால் பிடிப்போருக்கும் ஏரியில் பங்கு உண்டு என்னும் வரியும் அந்தப் புத்தகத்தில் ஏறுமானால், பாடு என்னும் பழைய நீதி தன் எல்லையைக் கடந்து வளர்ந்ததாகும். பொன்னேரிப் பேருந்தில் நாள்தோறும் போய்வரும் படிப்புக்கு ஏரி எதிர்பார்க்கும் பயன் அதுவே.

(தொடரும்)

அடுத்த வாரம்: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இடம்பெயர்ந்த குப்பங்கள்