எந்தச் சம்பந்தன்?

2024 ஜூலை தொடக்கத்தில் செமோர் ஒட்டுக்கடையில் ஒரு பையன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "சம்பந்தன் இறந்துட்டாராம்" என்றான். பக்கத்து மேசைப் பெரியவர் சீறினார்: "துன் போயி நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு தம்பி, இப்பத்தான் ஒனக்குச் சேதி வந்துச்சா?"

பையன் சொன்னது திருகோணமலை இரா. சம்பந்தனை. பெரியவர் நினைத்தது நம் சுங்கை சிப்புட் துன் வீ. தி. சம்பந்தனை. தோட்டத்தில் கிராணி வேலை பார்த்த எனக்கு இது பழகிய குழப்பம்தான். செக்ரோலில் நாலு முனியம்மா இருப்பார்கள். 'மேட்டு லயம்', 'கங்காணி மருமகள்' என்று ஓரத்தில் குறித்து வைக்காவிட்டால் சம்பளத்தன்று சண்டை நிச்சயம்.

நம்மவர் பக்கத்தில் நான் குறிப்பது 'நிலநிதி'. 1955இல் ம.இ.கா. (மலாயா இந்திய காங்கிரஸ்) தலைவரானார், சுதந்திர மலாயாவில் அமைச்சராக இருந்தார் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் உண்டு. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். புது முதலாளிக்குப் பழைய ஆள் வேண்டாம். வேலை போனால் லயத்து வீடும் போய்விடும். துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கிய காலம் அது. துன் தோட்டம் தோட்டமாகப் போய், பத்து பத்து வெள்ளியாகப் போடுங்கள், நாமே வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு வருடமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் தொழிலாளர் கைக்கு வந்தது. அமைச்சர் பதவியைவிட எனக்கு இதுதான் பெரிது.

அவருடைய முழுப்பெயர் திருஞானசம்பந்தன். சைவக் குடும்பங்களில் ஏழாம் நூற்றாண்டுச் சீகாழிப் பிள்ளையின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது வழக்கம். அந்தச் சம்பந்தர் கோணேசுவரத்துக்கும் பதிகம் பாடியிருக்கிறார்; ஆகவே திருகோணமலையில் ஒரு சம்பந்தன் இருந்ததில் வியப்பில்லை. 1933இல் பிறந்த இவர் வழக்கறிஞர். 1977இல் முதன்முதலாக நாடாளுமன்றம் போனார். 2015 முதல் 2018 வரை இலங்கையின் எதிர்க்கட்சித் தலைவர். நம்மவர் அமைச்சரவைக்குள் உட்கார்ந்து கேட்டதை, இவர் பெரும்பாலும் எதிர்வரிசையில் நின்று கேட்க வேண்டியிருந்தது. ஒன்றுபட்ட நாட்டுக்குள் அதிகாரப் பகிர்வு என்று கடைசிவரை பேசினார். கிடைக்காமலே 91 வயதில் போய்ச் சேர்ந்தார். யார் கெட்டிக்காரர் என்று ஒப்பிடுவது நியாயமாக இருக்காது. நாடு வேறு, கணக்கும் வேறு.

அரசியல் வாடையே இல்லாத ஒருவரும் இந்த வரிசையில் உண்டு: பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964). 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்களையும் மேடையேற வைத்தவர், நீதிபதியாகவும் இருந்தார். பகலில் வழக்கு, மாலையில் ஒத்திகை! 'மனோகரா' படத்தின் வசனம் கலைஞருடையது என்று எல்லாருக்கும் தெரியும். மூலநாடகம் பம்மல்காரருடையது என்று நான் சொன்னால், "அந்தச் சம்பந்தனா?" என்று மறுபடி துன்னைத்தான் கேட்கிறார்கள்.